கரிசல் மண்ணில் பெற்றோருக்கு ஒரு சிற்றில்லம்

புதிதாக வீடு கட்ட முனையும்போது நாம் எதை எதையெல்லாம் எண்ணிப் பார்க்கிறோம்! வாகனம் நிறுத்த இடம், பிள்ளைகளுக்குப் படிப்பறை, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் தம்பிக்கு மாடியறை, ஆண்டுக்கு இருமுறை வந்து போகும் சம்பந்தி வீட்டாருக்கு விருந்தறை என்று வரைபடத்தாள் நிறைந்து விடுகிறது. நம்மைப் பெற்று வளர்த்த அத்தாவும் அம்மாவும் தங்களுடைய கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளை இந்த வீட்டின் எந்த மூலையில் கழிப்பார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மாலையில் ஓத வரும் சிறுவர்களிடம் நான் சில வேளைகளில் கேட்பதுண்டு: "உங்கள் வீட்டில் ராதிம்மா எங்கே படுப்பார்கள்?" கூடத்தில் என்பான் ஒருவன். மாடிப்படிக்குக் கீழே கட்டில் போட்டிருக்கிறது என்பான் இன்னொருவன். "எல்லாரும் டிவி பார்த்து முடித்த பிறகு படுப்பார்கள்" என்று ஒரு சிறுவன் சொன்னான். அவன் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பகுதிகளில் இப்போது சிலர், தம் வீட்டை ஒட்டிய காலி இடத்தில் பெற்றோருக்கென்று ஓர் அறையும் குளியலறையும் சிறு தாழ்வாரமுமாகத் தனி இல்லம் அமைத்துக் கொடுக்கிறார்கள். வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால், "பெற்றவர்களைத் தள்ளி வைத்துவிட்டான்" என்று தெருவில் பேச்சு எழுவதும் உண்டு. அந்தப் பேச்சை முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனம், பெற்றோர் முதுமையடைவதைப் பற்றிக் கூறும்போது நம்மிடத்திலே, நம் அருகிலே அவர்கள் முதுமையடைவதையே குறிப்பிடுகிறது. ஆகவே கட்டப்படும் சிற்றில்லம் அருகாமையா, ஒதுக்கிடமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பாதி விடையைச் செங்கல்லும் வாசலும் சொல்லிவிடும். மீதி விடையைப் பத்திரம் சொல்லும். இரண்டையும் பார்ப்போம்.

இது நமக்குப் புதிதன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழ்வதும், வீடு பெண்மக்களுக்குச் சேர்வதும் நெடுநாளைய வழக்கம். அங்கே தாய்க்கு முதுமை வரும்போது மகள் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பாள். நம்மில் பலருக்கு உறவுள்ள சிங்கப்பூரில், அரசு வீட்டுவசதிக் கழகமே 1987ஆம் ஆண்டில் பெரிய வீட்டோடு ஒட்டிய சிறு வீடுகளைப் பெற்றோருக்கெனக் கட்டிப் பார்த்தது. 2013ஆம் ஆண்டில் மூன்று தலைமுறையினர் சேர்ந்து வாழும் வீடுகளையும் அது அறிமுகப்படுத்தியது. ஜப்பானியர் பெற்றோர் வீட்டுக்கும் பிள்ளைகள் வீட்டுக்கும் இருக்க வேண்டிய தொலைவைச் சூப்பு ஆறாத தூரம் என்பார்கள். நாம் நோன்புக் கஞ்சி ஆறாத தூரம் என்று வைத்துக்கொள்ளலாமே! ஸஹர் நேரத்தில் மருமகள் கிண்ணத்தோடு நடந்து போக வேண்டிய தூரம் அல்லவா?

விருதுநகருக்கு வருவோர் பெருந்தலைவர் காமராசரின் இல்லத்தைப் பார்க்காமல் போவதில்லை. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவரின் தாயார் சிவகாமி அம்மையார் வாழ்ந்த அந்தச் சிறிய வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. வீட்டை ஒட்டிய சிறு இடத்தை வாங்கிக் கழிப்பறை கட்டிக்கொள்ள அத்தாயார் பணம் கேட்டதாகவும், ஊர் தவறாகப் பேசும் என்று மகன் மறுத்துவிட்டதாகவும் ஒரு செய்தி இப்பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மகனின் நேர்மையை மெச்சுவதற்காகவே அதைச் சொல்வார்கள், மெச்சத் தக்கதுதான். எனக்கோ ஒவ்வொரு முறையும் அந்தத் தாயின் கோரிக்கை என்ன என்பதே மனத்தில் நிற்கிறது. அவர் நகை கேட்கவில்லை; கழிப்பறை கேட்டார். பொதுவாழ்வின் நெருக்கடி எதுவும் இல்லாத நமக்கு மறுப்பதற்கு என்ன காரணம் இருக்கிறது?

வாசல் எந்தப் பக்கம்?

பெரும்பாலோர் புறக்கடையில், மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் இந்த இல்லத்தை வைக்கிறார்கள். அங்கே இடம் கிடைக்கிறது என்பதைத் தவிர வேறு நியாயம் இல்லை. முதியவர்களுக்குத் தனிமை வேண்டும்; ஆனால் தெருவும் வேண்டும். போகிறவர் வருகிறவருக்கு ஸலாம் சொல்லவும், பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் முன்காலத்தில் திண்ணை இருந்தது. காங்கிரீட் வீடுகள் வந்தபோது முதலில் போனது அதுதான். ஆகவே இடம் இருந்தால் பெரிய வீட்டின் பக்கவாட்டில், தெருவைப் பார்க்கும் நான்கடித் தாழ்வாரத்தோடு கட்டுங்கள்.

இந்த இல்லத்துக்கு இரண்டு வாசல்கள் அவசியம். ஒன்று தெருப்பக்கம், அத்தாவைப் பார்க்க வரும் ஜமாஅத்தார், பழைய கூட்டாளிகள் வீட்டுப் பெண்கள் புழங்கும் பகுதியைக் கடக்காமலே வந்து போகலாம். மற்றொன்று பெரிய வீட்டின் சமையலறைப் பக்கம். நடு இரவில் அம்மா மெல்லக் கூப்பிட்டாலும் கேட்கும்படி அது இருக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் இடையிலான நடைபாதைக்குத் தளமும் மேற்கூரையும் போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் எப்படி வழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அளவைப் பொறுத்தவரை, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை இரண்டு கட்டில்களுக்குப் போதும். இரண்டாவது கட்டில் தேவையா என்று கேட்காதீர்கள். நன்னாவும் நன்னியும் இருவரும் இருக்கும் வரை தேவை. ஒருவர் காலமானபின், துணைக்குப் படுக்கும் பேத்திக்குத் தேவை. குளியலறையை மட்டும் சிக்கனமாக அமைக்க வேண்டாம். சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடி விட்டமுள்ள இடம் வேண்டும். கதவு மூன்றடி அகலம் இருக்கட்டும், நிலைப்படியை எடுத்துவிடுங்கள். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை மறித்துக் கிடந்தால் உட்பக்கம் திறக்கும் கதவால் பயனில்லை. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

தரை மட்டம் ஒன்றரை அடி உயரம் என்றால், ஓர் அங்குல ஏற்றத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளத்துக்குப் பதினெட்டு அடி நீளம் தேவைப்படும். "இரண்டு படிதானே, தூக்கிவிட்டுக் கொள்ளலாம்" என்று மேஸ்திரி சொல்வார். தூக்குவதற்கு எப்போதும் ஆள் இருப்பதில்லை. நேராக இடம் இல்லாவிட்டால் நடுவில் ஒரு சமதளம் வைத்து மடக்கிக் கொண்டுவரலாம்.

தரைக்குப் பளபளக்கும் ஓடுகள் வேண்டா. வழுக்காத சொரசொரப்பு ஓடு, அல்லது பழைய முறையில் சிவப்புச் சாயமிட்ட சிமெண்டுத் தரை போதும். முழங்கால் மடங்காதவர்களுக்கு மேலை நாட்டுக் கழிப்புக் கோப்பையே பொருந்தும். பதினெட்டு அங்குல உயர இருக்கை இருந்தால் எழுவது எளிது; பக்கச் சுவரில் உறுதியான பிடிகம்பி பதிக்க வேண்டும். அதை வைக்கும் திசையைக் கொத்தனாரிடம் விட்டுவிடாமல் நீங்களே சொல்லுங்கள். நம் பகுதிக்குக் கிப்லா மேற்கிலிருந்து சற்றே வடக்கு நோக்கி அமைகிறது. கோப்பையை வடக்கு அல்லது தெற்கு பார்க்க வைத்துவிட்டால் முன்னோக்கியும் பின்னோக்கியும் அமரும் சங்கடம் இல்லை. ஒளூச் செய்வதற்கு ஒன்றரை அடித் திண்டு, அதன் எதிரே கைக்கெட்டும் உயரத்தில் குழாய், காலை நீட்டிக் கழுவ வாட்டமான வடிகால் ஆகியவற்றை அமைத்துக் கொடுத்தால் ஐவேளையும் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கும் துன்பம் நீங்கும்.

மண்ணின் குணம்

மாவட்டத்தின் மேற்கே, மலையடிவாரத்தில் செம்மண் பரப்பு உண்டு. சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கங்களில் பெரும்பாலும் கரிசல். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி, கைவிட்டுப் பார்க்கும் அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கு அருமையான மண். கட்டடத்துக்குப் பொல்லாத மண். பெரிய வீட்டுக்கு ஆழமாக வானம் தோண்டியவர்கள்கூட, "ஓர் அறைதானே" என்று சிற்றில்லத்துக்கு இரண்டடியோடு நிறுத்திவிடுகிறார்கள். பாரம் குறைந்த கட்டடத்தையே கரிசல் எளிதாகத் தூக்கி இறக்கும் என்பதை அவர்கள் அறிவதில்லை. முதல் கோடையிலேயே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும்.

இதற்கு ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்டது. ஈரம் மாறாத ஆழம் வரை, பொதுவாக மூன்றரை மீட்டர் அளவுக்குத் துளையிட்டு, அடிப்பகுதி குமிழ்போல் அகன்ற தூண்களை வார்த்து, அவற்றின்மேல் விட்டம் போட்டுச் சுவர் எழுப்பும் முறை அது. அந்த விட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையே சிறு இடைவெளி விட வேண்டும். மண் உப்பும்போது விட்டத்தை முட்டக் கூடாது. செலவு கட்டுப்படியாகாதவர்கள் கரிசலை அகற்றிச் சரளை நிரப்பி இறுக்கி, அதன்மேல் கம்பி கட்டிய பெல்ட் காங்கிரீட் போடுகிறார்கள். கரிசலின் ஆழம் குறைவாக உள்ள இடத்தில் அது தாங்கும். எது பொருந்தும் என்பதை மண்ணைத் தோண்டிப் பார்த்த பொறியாளர் சொல்லட்டும்.

எம்முறையானாலும் புதுச் சுவரைப் பழைய வீட்டுச் சுவரோடு பிணைத்துவிடாதீர்கள். பழைய கட்டடம் அமர்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமரப் போகிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் சேர்ந்த இடத்திலேயே பிளக்கும். ஓர் அங்குலச் சந்து விட்டு, மழை நீர் இறங்காமல் மேலே தகடு மூடிவிட்டால் இரண்டும் தத்தம் போக்கில் இருக்கும். (குடும்பங்களுக்கும் இது பொருந்தும் என்று நண்பர் ஒருவர் கேலியாகச் சொன்னார்.) சுவரைச் சுற்றி மூன்றடிக்குச் சிமெண்டுத் தளம் போடுவதும், குளியலறைத் தண்ணீரின் உறிஞ்சுகுழியைத் தள்ளி வைப்பதும் அடிமண்ணின் ஈரத்தைச் சீராக வைக்கும்.

இனி வெயில். மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வைத்தால் மாலை முழுவதும் அறை அடுப்பாகும். தாழ்வாரத்தை மேற்கே இழுத்து விடலாம். மொட்டை மாடிக்குத் தட்டோடு பதித்து வெள்ளையடிக்கலாம். தண்ணீருக்கு வருவோம். குழாயில் நீர் சில நாள்களுக்கு ஒருமுறையே வரும் தெருக்கள் நம் ஊர்களில் பல. முதியவர் குடம் தூக்கக் கூடாது என்றால் பெரிய வீட்டுத் தொட்டியிலிருந்து தனிக் குழாய் இழுத்தே ஆக வேண்டும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம்; சிற்றில்லத்தின் கூரை நீரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது?

சிவகாசி வட்டாரத்தில் வீடு கட்டுபவர் வேறு ஊரார் கேட்கத் தேவையில்லாத ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது என்ன? கடையா, சரக்குக் கிடங்கா, லாரியில் பெட்டி ஏற்றும் இடமா? 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகள் தீப்பற்றியபோது, அருகிலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகை புகுந்து, அங்கிருந்தவர்கள் மூச்சுத் திணறி மாண்டார்கள். தீ அவர்களைத் தொடவில்லை, புகை கொன்றது. வேகமாக எழுந்து ஓட முடியாதவர்கள் உறங்கும் அறைக்கு எதிரெதிர்த் திசையில் இரண்டு வாசல் வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். ஜன்னல் கம்பிகளில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் முப்பது நாற்பது ஆண்டுகள் மருந்துத் தூசியில் உழைத்தவர்கள் முதுமையில் மூச்சிரைப்போடு இருப்பதைப் பார்க்கிறோம். அவர்களுக்குக் காற்று குறுக்கே ஓடும் அறையே மருந்தில் பாதி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பெற்றோர் மறைந்தபின் தனி வாசலுள்ள அந்த அறை காலியாகக் கிடக்கும். "திரி வைக்க மட்டும்", "குழாயில் மருந்து அடைக்க மட்டும்" என்று வாடகைக்குக் கேட்டு வருவார்கள். வாடகையும் கூடுதலாகத் தருவார்கள். குடியிருப்பில் வெடிமருந்தைக் கையாளுவது 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளுக்கு முற்றிலும் மாறானது. 2021 ஜூனில் தாயில்பட்டியில் இப்படி வீட்டில் நடந்த வேலை வெடித்து, பெண்ணும் பிள்ளையுமாக உயிர்கள் போயின. அம்மா தஸ்பீஹ் உருட்டிய அறையை அதற்குக் கொடுக்கலாமா?

பத்திரம் என்ன சொல்கிறது?

நான் கண்டவரையில், இத்தகைய இல்லங்களால் எழும் மனத்தாங்கலுக்கு முக்கியக் காரணம் மருமகளும் அல்ல, மாமியாரும் அல்ல, கணக்கு. அத்தாவின் மனையில் மூத்த மகன் ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ போட்டுக் கட்டுகிறார். எதுவும் எழுதிக்கொள்வதில்லை. அத்தா மறைந்தபின், "நான் கட்டியது எனக்கு" என்கிறார் மகன். "மனை அத்தாவுடையது, எங்களுக்கும் பங்கு உண்டு" என்கிறார்கள் சகோதரிகள். ஷரீஅத்தின்படி சகோதரிகள் சொல்வதே சரி. மனையோடு சேர்ந்த கட்டடம் வாரிசுச் சொத்தில் சேரும். "இது மூத்தவனுக்கு" என்று அத்தா மரண சாசனம் எழுதி வைத்திருந்தாலும், வாரிசுதாரருக்கு எழுதிய வஸிய்யத் மற்ற வாரிசுகளின் சம்மதமின்றிச் செல்லாது.

ஆகவே முதல் செங்கல் வைக்கும் முன்பே, போடும் பணம் எத்தகையது என்று தீர்மானியுங்கள். பெற்றோருக்குச் செய்யும் அன்பளிப்பா? அப்படியானால் பின்னால் அதை யாரும் பேசக் கூடாது. இதுவே மேலானது என்பது என் கருத்து. இயலாதவர் அதைத் தந்தைக்குக் கொடுத்த கடனாக எழுதிக்கொள்ளலாம். பாகப் பிரிவினைக்கு முன் கடன் அடைக்கப்பட வேண்டும் என்பதால் அவருடைய பணமும் போகாது, சகோதரிகளின் பங்கும் போகாது. கடனை எழுதிக்கொள்ளுமாறு கூறும் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே நீளமானது. அதை ஓதுகிற நாம், அண்ணன் தம்பிக்குள் எழுதிக் கேட்பதை அவமானமாக நினைக்கிறோம்!

இதைவிடப் பெரிய கவலை, தனித்து நிற்கப் போகும் தாயைப் பற்றியது. பிள்ளைகள் உள்ள விதவைக்குக் கணவர் சொத்தில் எட்டில் ஒரு பங்கே உண்டு. வீட்டை விற்றுப் பிரிப்போம் என்று பிள்ளைகள் முடிவு செய்தால் அந்த எட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்? அத்தா தம் வாழ்நாளிலேயே சிற்றில்லத்தையும் அதன் மனையையும் மனைவிக்கு ஹிபாவாகக் கொடுத்துவிட்டால் இந்த நிலை வராது. ஹிபாவுக்குக் கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றுக்கொள்ளுதல், வசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் வேண்டும். கணவன் மனைவி ஒன்றாகவே அங்கு வாழ்வது வசம் ஒப்படைப்புக்குத் தடையாகாது என்று நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. ஆனால் பிரிக்கத்தக்க சொத்தைப் பிரிக்காமல் பொத்தாம்பொதுவாகக் கொடுப்பது ஹனஃபி சட்டத்தில் குறையுள்ள ஹிபா. எனவே நான்கெல்லை அளந்து, தெருவுக்குத் தனி வழியோடு அந்த இடம் இருக்க வேண்டும். தனி வாசலை நான் வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது விளங்கியிருக்கும்.

மகனுக்கோ மகளுக்கோ எழுதிக் கொடுப்பதானால் இரண்டு எச்சரிக்கைகள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்குத் தந்தை அளித்த அன்பளிப்புக்குச் சாட்சி கேட்டபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று வினவி, இல்லை என்றதும் சாட்சியாக நிற்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். அடுத்து, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்க இடம் தருகிறது. மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்கலாம். சிவகாசியிலும் சாத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் அவருடைய அலுவலகங்கள் உள்ளன. வாசகத்தை வழக்கறிஞரும் ஆலிம் ஒருவரும் பார்த்த பிறகே கையொப்பம்.

கட்டட அனுமதியையும் கையோடு வாங்கிவிடுங்கள். 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் உள்ள புதிய வீடுகளுக்குச் சுயசான்று அளித்து இணையவழியில் உடனே அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் தமிழகத்தில் வந்தது. உங்களுடையது பழைய வீட்டோடு சேர்க்கும் கூடுதல் கட்டடம் என்பதால், அதற்குரிய வழியை மாநகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து எல்லையிலிருந்து விட வேண்டிய இடத்தை விட்டுவிட்டால் அண்டை வீட்டாரோடும் பிணக்கில்லை.

காகிதம் எல்லாம் சரியானபின், மண் காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் வேலையைத் தொடங்கினால் ஐப்பசி மழைக்குமுன் கூரை போட்டுவிடலாம். வானம் தோண்ட ஆள் வருவதற்கு முதல் நாள், சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டு, கட்டில் வரும் இடத்தில் ஒரு நாற்காலியை வையுங்கள். அம்மாவை அதில் உட்கார வைத்து, கழிப்பறை வரும் இடத்துக்கும் சமையலறைப் பக்க வாசலுக்கும் அவர்கள் நடையில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை எட்டு ஆகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதிகம் என்று அவர்கள் சொன்னால் கோட்டை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். அன்றைக்குச் சுண்ணாம்புச் செலவு மட்டும்தான்.